கலைச்சொல் அகராதியை அப்படியே பொருள் தலைப்புப் பட்டியலாக ஏற்றிவிடலாமா?

அட்டைப்பெட்டி எழுதியது:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் பட்டியலாக்க வேலை பார்க்கிறேன். எங்கள் தமிழ் நூல்களுக்கு இதுவரை பொருள் தலைப்பு (நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் தேடுசொல்) கொடுத்ததே இல்லை. ஆசிரியர், தலைப்பு, டூயி பகுப்பு எண், அவ்வளவுதான். இப்போது கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறுகிறோம், கையோடு தமிழிலேயே பொருள் தலைப்பும் கொடுத்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது.

குழுவில் ஒருவர் சொல்கிறார்: "புதிதாக எதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்? துறைவாரியாகக் கலைச்சொல் அகராதிகள் இருக்கின்றன, மின்வடிவிலும் கிடைக்கின்றன. எக்செல்லில் எடுத்து அத்தாரிட்டி கோப்பில், அதாவது ஏற்கப்பட்ட தலைப்புகளின் கோப்பில், ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

சோதனைக்கு 'புவியியல்' என்று தேடிப் பார்த்தேன். பதினோராம் வகுப்புப் புவியியல் பாடநூல் வந்தது, மாவட்டப் புவியியல் நூல்கள் வந்தன. அவற்றோடு பாறை, கனிமம், சுரங்கம் பற்றிய நூல்களும் கலந்து வந்தன. காரணம் எளிது. பள்ளியில் புவியியல் என்றால் நாடு, மலை, ஆறு, மக்கள்தொகை படிக்கும் பாடம். அரசில் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை' என்றால் பாறையும் கனிமமும் பார்க்கிற துறை. டூயியில் ஒன்று 910, மற்றது 550. இரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பில் ஒன்று யூ, மற்றது எச். எண்ணில் இரண்டும் எங்கோ எங்கோ நிற்கின்றன, சொல்லில் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அகராதியை ஏற்றினால் இந்த ஒட்டு பிரியுமா, இன்னும் இறுகுமா?

கலைச்சொல்லியலுக்கும் நூலகத் துறையின் அறிவு ஒழுங்கமைப்புக்கும் என்ன உறவு என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நாளைய கூட்டத்தில் பேச வசதியாக இருக்கும்.

---

சொல்லேர் எழுதியது:

உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் அந்தப் பழியைக் கலைச்சொல்லியல் மேல் போடாதீர்கள். ஆங்கிலச் சொல் இடப்பக்கம், தமிழ்ச் சொல் வலப்பக்கம் என்று இரண்டு பத்தியாக அச்சடித்த பட்டியல் கலைச்சொல் வேலையின் கடைசி எச்சம் மட்டுமே. அதற்கு முன்னால் நடக்க வேண்டியதெல்லாம் நடந்ததா என்று அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தத் துறையை ஒரு துறையாக நிறுத்தியவர் ஓய்கன் வூஸ்டர் (1898–1977). ஆஸ்திரியப் பொறியாளர், சொந்தமாகத் தொழிற்சாலை நடத்தியவர். தொழில்நுட்ப மொழியைத் தரப்படுத்துவது பற்றி 1931இல் நூல் எழுதினார். சொல்லைக் கையில் எடுத்து 'இதற்கு என்ன பொருள்' என்று கேட்பது அகராதிக்காரர் வழி. வூஸ்டர் அதைத் திருப்பிப் போட்டார். முதலில் கருத்தை வரையறு, அதன் பண்புகளைச் சொல், பக்கத்துக் கருத்துகளோடு அது எப்படி நிற்கிறது என்று காட்டு, பெயரைக் கடைசியில் வை. ஐஎஸ்ஓ 704 என்ற பன்னாட்டுத் தர ஆவணம் இன்றைக்கும் சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

நூலகத்தாருக்குப் பிடித்த செய்தி ஒன்றும் உண்டு. வூஸ்டர் 1968இல் வெளியிட்ட இயந்திரக் கருவிகள் பன்மொழி அகராதி அகர வரிசையில் செல்வதில்லை. யூடிசி என்கிற உலகப் பதின்மப் பகுப்பின்படி கருத்துகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதாவது கலைச்சொல்லியலின் மூலவரே தன் சொற்களை அடுக்க நூலகப் பகுப்பைத்தான் நாடினார்.

உங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்று பார்ப்போம். ஏரி, கண்மாய், குளம், ஊருணி. 'நீர்நிலை' என்று ஒரே தலைப்பில் போட்டால் பாதி பயன் போய்விடும். நான்கையும் தனித்தனித் தலைப்பாகப் போட்டாலும் தவறு. கருத்தைப் பாருங்கள். மழைநீரைக் கரை கட்டித் தேக்கி மதகு வழியாக வயலுக்கு விடுவது: இதைச் செங்கல்பட்டுப் பக்கம் ஏரி என்பார்கள், மதுரை, இராமநாதபுரத்தில் கண்மாய், திருநெல்வேலியில் குளம். பயன் ஒன்று, அமைப்பு ஒன்று, ஆகவே கருத்து ஒன்று, பெயர்தான் மூன்று. ஊருணி அப்படியில்லை. அது குடிநீருக்கு வெட்டுவது. பயன் என்ற பண்பு மாறுவதால் அது வேறு கருத்து. அதே சமயம் 'குளம்' என்பது தஞ்சாவூரில் கோயில் குளத்தையும் குளிக்கிற குளத்தையும் குறிக்கும், திருநெல்வேலியில் பாசனக் குளத்தையும் குறிக்கும். அங்கே ஒரே சொல்லில் இரண்டு கருத்து. மதுரையில் 'மாடக்குளம் கண்மாய்' என்று பெயரிலேயே இரண்டும் சேர்ந்து நிற்கிறது.

எது எதற்கு மாற்றுச் சொல், எது தனிக் கருத்து என்று பிரிப்பது கலைச்சொல்லியலாளர் வேலை. அதைச் செய்யாமல் தலைப்புப் பட்டியல் போட்டால் ஆய்வு மாணவர் 'ஏரிப் பாசனம்' என்று தேடி, கண்மாய் பற்றிய நூல்கள் எதையும் காணாமல் திரும்பிப் போவார்.

---

நூலகவாத்தியார் எழுதியது:

சொல்லேர் அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். பல ஆண்டுகள் பகுப்பாக்கம் கற்பித்தவன் என்ற முறையில் மீதியைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த உறவைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். இரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். கோலன் பகுப்பு 1933இல் வந்தது. பகுப்பாக்க வேலை மூன்று தளங்களில் நடக்கிறது என்று அவர் பிரித்தார்: கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம். எதை எதற்குள் வைப்பது என்ற முடிவு கருத்துத் தளத்தில் நடக்க வேண்டும். அதை என்ன பெயரால் சொல்வது என்பது சொல் தளம். என்ன எண் கொடுப்பது என்பது குறியீட்டுத் தளம். எண் இடம் கொடுக்கவில்லை என்பதற்காகக் கருத்தை நறுக்கக் கூடாது, சொல் இல்லை என்பதற்காகக் கருத்தை விட்டுவிடக் கூடாது. கருத்துத் தளம் சொல்வதை மற்ற இரண்டும் நிறைவேற்ற வேண்டும்.

சொல் தளத்துக்கு அவர் நான்கு விதிகள் வைத்தார். நூலகப் படிப்பில் பலர் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துவிடுவார்கள். கலைச்சொல்லியலும் நூலகமும் கைகோக்கும் இடம் அந்த நான்குதான்.

முதலாவது சூழல் விதி. ஒரு சொல்லின் பொருளை அதற்கு மேலே இருக்கும் வகுப்புகளை வைத்தே கொள்ள வேண்டும். எச் வகுப்பின் கீழ் 'புவியியல்' நின்றால் அது பாறை, யூ வகுப்பின் கீழ் நின்றால் அது நாடும் மலையும். அட்டைப்பெட்டி சொன்ன சிக்கல் பகுப்பு அட்டவணைக்குள் எழாது. அந்தச் சொல்லைத் தனியே பிடுங்கி அகர வரிசையில் வைக்கும்போதுதான் எழும். இரண்டாவது எண்ணுகை விதி: ஒரு சொல் எதையெல்லாம் உள்ளடக்கும் என்பதை அதற்குக் கீழே வரிசைப்படுத்தியிருப்பவை தீர்மானிக்கும். மூன்றாவது நடப்பு விதி: அந்தத் துறையில் இன்று வழங்கும் சொல்லையே எடுத்தாள வேண்டும். நான்காவது அடக்க விதி: சொல்லில் வகுப்பாளரின் விருப்பு வெறுப்பு தெரியக் கூடாது.

கலைச்சொல் பட்டியலில் இந்த 'மேலே', 'கீழே' இரண்டும் காணாமல் போகின்றன. அதனால்தான் அப்படியே ஏற்றக் கூடாது என்கிறேன்.

இன்னொரு பெரிய வேறுபாடு. கலைச்சொல்லியல் தனிக் கருத்தோடு நின்றுகொள்ளும். நூல்கள் தனிக் கருத்தைப் பற்றி எழுதப்படுவது குறைவு. கோலன் பகுப்பு கற்பிக்கும்போது காட்டும் எடுத்துக்காட்டு பலருக்கு நினைவிருக்கும்: 'நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்-கதிர் சிகிச்சை பற்றி 1950இல் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி'. மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்-கதிர், ஆராய்ச்சி, இந்தியா, 1950. எந்தக் கலைச்சொல் அகராதியிலும் இது ஒரு பதிவாக இருக்காது, இருக்கவும் தேவையில்லை. இதன் ஒவ்வொரு துண்டும் அகராதியில் இருக்கும். துண்டுகளை எந்த வரிசையில் கோப்பது என்பதற்குத்தான் பொருளைக் கூறு கூறாகப் பிரித்துக் கோக்கும் கூறுமுறைப் பகுப்பு, ஆளுமை-பொருள்-ஆற்றல்-இடம்-காலம் என்ற ஐந்து அடிப்படைக் கூறுகள், சங்கிலி அட்டவணை எல்லாம் வந்தன. தனிக் கருத்து வேறு, நூலின் பொருள் வேறு என்று இரங்கநாதன் விடாமல் பிரித்தது இதற்காகவே.

அவர் சொற்களை எவ்வளவு பொருட்படுத்தினார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பகுப்பாக்கத் துறை தன் சொந்தச் சொற்களையே வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்று, இந்தியத் தர நிறுவனத்தின் ஆவணப்படுத்தல் குழு வழியாக 1963இல் பகுப்பாக்கச் சொற்களுக்கென்றே ஓர் இந்தியத் தரம், ஐஎஸ் 2550, வெளிவந்தது. பகுப்புத் துறையே கலைச்சொல் வேலை செய்து காட்டிய இடம் அது.

---

கிளிநொச்சிக்காரி எழுதியது:

நல்ல இழை. ஐயா, அக்கா இரண்டு பேரும் சொன்னதை வாசிச்சன். வன்னியில ஒரு ஆவணப்படுத்தல் வேலையில இருக்கிறன், பழைய பாடநூல்கள், சஞ்சிகைகளை எண்ணிம வடிவில ஏத்திறம். இலங்கைப் பக்கத்தில இருந்து பாக்கேக்க எனக்கு வேற ஒரு கவலை.

வூஸ்டர் வழி எண்டால் ஒரு கருத்துக்கு ஒரு சொல், அதைத் தரப்படுத்து எண்டு போகும். தமிழில எந்தச் சொல் தரம்? உங்கட வேதியியல் எங்களுக்கு இரசாயனவியல். உங்கட இயற்பியல் எங்களுக்குப் பௌதிகவியல். இயற்கணிதம் அட்சரகணிதம், வடிவியல் கேத்திரகணிதம், ஆக்சிஜன் ஒட்சிசன். நீங்கள் மேல பிரச்சினைப்பட்ட பாறைப் படிப்புக்கு எங்களிட்டப் புவிச்சரிதவியல் எண்டு தனிச் சொல்லே இருக்கு, அதால இந்தக் குழப்பம் இங்க வாறதில்லை.

இது பேச்சு வழக்கு வித்தியாசம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பிச்சு, பாடநூலும் சொல் பட்டியலும் தமிழில ஆக்கினார். பிறகு சுயமொழிக் கல்வி வந்த காலத்தில அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாச் சொற்றொகுதி வெளியிட்டது. அந்தச் சொற்களாலதான் தலைமுறை தலைமுறையா இங்க விஞ்ஞானம் படிச்சிருக்கினம், பரீட்சை எழுதியிருக்கினம். உங்கட பட்டியல்ல வேதியியல் மட்டும் தலைப்பா இருந்தால், இங்க இருக்கிற பிள்ளை இரசாயனவியல் எண்டு தேடி ஒண்டும் கிடைக்காமல் போகும். மற்றப் பக்கமும் அப்படித்தான்.

குளத்துக்கும் ஒண்டு சொல்லோணும் அக்கா. இரணைமடுக்குளம் பாசனக் குளம். எங்கட பக்கம் குளம் எண்டால் முதல் நினைவு வாறது அதுதான். நீங்கள் 'ஏரி'யைத் தலைப்பா வைச்சால் இங்க அந்தத் தலைப்பை ஒருத்தரும் தேட மாட்டினம்.

---

சொல்லேர் எழுதியது:

தங்கச்சி, உன் கவலையை இந்தத் துறைக்குள்ளேயே பலர் எழுப்பியிருக்கிறார்கள். வூஸ்டர் பார்த்தது இயந்திரத் துறை. ஒரு திருகாணிக்கு இரண்டு பெயர் இருந்தால் தொழிற்சாலையில் பொருள் மாறிப் போகும், ஆகவே அங்கே ஒரு பெயர்தான் வேண்டும். மருத்துவம், சட்டம், வேளாண்மை, சமூகவியல் என்று வரும்போது அது செல்லாது. கத்தலோனியாவின் தெரேசா காப்ரே, பெல்ஜியத்தின் ரீட்டா டெம்மர்மன் போன்றவர்கள் 1990களிலிருந்து வலியுறுத்தியது இதைத்தான்: கலைச்சொல்லும் மொழிதான். இடம், ஆள், சூழல் மாறும்போது சொல் மாறுவது இயல்பு. மாற்றுச் சொற்களைக் களைய வேண்டாம், பதிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் நூலகத் துறை கலைச்சொல்லியலுக்கு முன்பே நல்ல பழக்கத்தை வைத்திருந்தது என்று ஒப்புக்கொள்வேன். பட்டியலட்டையில் 'காண்க' என்ற குறிப்பு எவ்வளவு பழையது! ஒரு சொல்லைத் தலைப்பாக எடுத்தாலும் மற்றதைத் தூக்கி எறியாமல், அங்கே தேடி வருபவரை இங்கே கூட்டி வந்து விடுகிறது. தரப்படுத்துகிறவர் ஒரு சொல்லைத் தவிர்க்கச் சொல்வார். பட்டியலாளர் அதே சொல்லை நுழைவாயிலாக வைத்துக்கொள்வார்.

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஐயேட் என்ற கலைச்சொல் தளம், ஆவணங்களைப் பொருள்வாரியாகத் தேட யூரோவாக் என்ற சொற்கோவை. ஒன்றை மற்றதாக்கவில்லை. ஆனால் ஐயேட்டில் ஒரு சொல் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று குறிக்கப் பயன்படுவது யூரோவாக்கின் துறைப் பிரிவுகளை அடிப்படையாகக் கொண்ட அடுக்கு. வூஸ்டர் யூடிசியை எடுத்துக்கொண்டது போலவேதான்.

---

நிரல்குடில் எழுதியது:

கோஹா நிறுவித் தருகிற வேலை செய்பவன், கணினிப் பக்கம் இருந்து சொல்கிறேன்.

முன்பு தெசாரஸுக்கான (உறவுகளோடு அடுக்கிய தேடுசொல் தொகுப்புக்கான) ஐஎஸ்ஓ தரம் 2788 (1974, பிறகு 1986). அதில் மேற்சொல், கீழ்ச்சொல், தொடர்புச் சொல் என்று எல்லா உறவும் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில்தான். அதற்குப் பதிலாக வந்த ஐஎஸ்ஓ 25964 (முதல் பகுதி 2011, இரண்டாம் பகுதி 2013) கருத்தையும் சொல்லையும் கறாராகப் பிரித்துவிட்டது. மேல்-கீழ் உறவு கருத்துகளுக்கு இடையில். சொற்கள் கருத்தின் மேல் ஒட்டும் சீட்டுகள். வாத்தியார் ஐயா சொன்ன கருத்துத் தளமும் சொல் தளமும் அப்படியே தரவு மாதிரிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

2009இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்த ஸ்கோஸ் என்ற தரவு வடிவமும் அதே கட்டமைப்புதான். ஒரு கருத்துக்கு ஓர் அடையாள எண், அதன் மேல் விருப்பச் சொல், மாற்றுச் சொல், மறைசொல் என்று மூன்று வகைச் சீட்டு. மறைசொல் திரையில் தெரியாது, தேடலில் மட்டும் பிடிக்கும். இரசாயனம்-ரசாயனம், பௌதிகம்-பவுதிகம் போன்ற எழுத்து வேறுபாட்டையெல்லாம் அதில் போட்டுவிடலாம். விருப்பச் சொல் ஒரு மொழிக் குறிக்கு ஒன்றுதான் என்பது விதி. ஆனால் மொழிக் குறியோடு நாட்டுக் குறியையும் சேர்க்க இடம் உண்டு. இந்தியத் தமிழுக்கு 'வேதியியல்', இலங்கைத் தமிழுக்கு 'இரசாயனவியல்', இரண்டுமே விருப்பச் சொல், ஒரே கருத்து. கிளிநொச்சிக்காரி கேட்ட 'எது தரம்' என்ற கேள்விக்கு அங்கே தேவையே இல்லை.

கோஹாவில் இவ்வளவு வசதி கிடையாது. அது மார்க் என்ற நூலகப் பதிவு வடிவில் அமைந்த அத்தாரிட்டி பதிவு, ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் எண்ணிட்ட ஒரு புலம். 150இல் தலைப்பு ஒன்றுதான் போட முடியும். 450இல் 'காண்க' சொற்கள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். 550இல் மேல், கீழ், தொடர்புத் தலைப்புகள். 680இல் எல்லைக் குறிப்பு. 670இல் அந்தச் சொல்லை எந்த நூலில் கண்டோம் என்ற ஆதாரம். அட்டைப்பெட்டி, எக்செல்லை அப்படியே ஏற்றினால் 150 மட்டும் நிரம்பும், மற்ற நான்கும் காலியாகக் கிடக்கும். உங்கள் குழுவுக்கு அதைத் திரையில் காட்டுங்கள், வாதமே வேண்டியிருக்காது.

---

ஆய்வுமாணவன் எழுதியது:

ஒரு சந்தேகம். நம் நிகண்டுகள் இதைத்தானே செய்தன? திவாகர நிகண்டில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று பொருள்வாரியாகப் பன்னிரண்டு தொகுதி. முதல் பத்தில் ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்கள். பதினொன்றாவது ஒரு சொல் பல்பொருள். பன்னிரண்டாவது பல்பெயர்க் கூட்டத்து ஒரு பெயர். கருத்திலிருந்து சொல்லுக்குப் போவது வூஸ்டருக்கு எவ்வளவோ முன்பே நம்மிடம் இருந்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

---

நூலகவாத்தியார் எழுதியது:

எழுதலாம் தம்பி, அளவோடு எழுதுங்கள். பொருளிலிருந்து பெயருக்குப் போகும் வழி நிகண்டில் உண்டு. பதினொன்றாம் தொகுதியைத் தனியே ஒதுக்கியதைப் பார்த்தால், ஒரு பொருள் பல சொல்லும் ஒரு சொல் பல பொருளும் வேறு வேறு சிக்கல் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மேலே ஏரிக்கும் குளத்துக்கும் பேசிய அதே பிரிவினை. பிற்பாடு 1594இல் அகராதி நிகண்டு எழுத்து வரிசைக்கு மாறியது. அந்த மாற்றத்தில் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதை நீங்கள் ஆராய்ந்தால் உண்மையிலேயே புதிதாக ஏதாவது கிடைக்கும்.

ஆனால் நிகண்டு செய்யுள் பாடுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் ஆனது. பொருள்களுக்கு வரையறை அங்கே இல்லை. நூலைத் தேடி எடுக்க உதவுவது அதன் நோக்கமும் இல்லை. வூஸ்டரோடு போட்டிக்கு நிறுத்தினால் இரண்டையும் சரியாகப் படிக்காமல் போவீர்கள்.

இங்கே இங்கெட்ராவுட் டால்பெர்க் அம்மையாரையும் சேர்த்துப் படியுங்கள். 1974இல் பன்னாட்டுப் பகுப்பாக்க ஆய்விதழைத் தொடங்கியவர், 1989இல் அறிவு ஒழுங்கமைப்புக்கான பன்னாட்டுக் கழகம் உருவாக முன்னின்றவர். கருத்து என்றால் என்ன என்பதற்கு அவர் மூன்று முனை வைத்தார்: சுட்டப்படும் பொருள், அதைப் பற்றி உண்மையாகச் சொல்லக்கூடிய பண்புகள், அவற்றைத் தொகுத்துச் சொல்லும் பெயர். கலைச்சொல்லியலும் பகுப்பாக்கமும் ஒரே கருத்துக் கோட்பாட்டின் மேல் நிற்க முடியும் என்று வாதாடியவர். இரங்கநாதனின் கூறுமுறைப் பகுப்பை ஐரோப்பாவில் ஆழ்ந்து எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர். நிகண்டில் முதல் முனையும் மூன்றாம் முனையும் இருக்கின்றன. நடுவிலுள்ள பண்புகள் எங்கே என்று தேடிப் பாருங்கள்.

---

அட்டைப்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் 150 மட்டும் நிரம்பிய பதிவைக் காட்டினேன். அகராதியை நேரடியாக ஏற்றும் யோசனை கைவிடப்பட்டது. அகராதிகளை ஆதாரமாக மட்டும் வைத்துக்கொண்டு, எங்களிடம் நூல் இருக்கிற பொருளுக்கு மட்டும் தலைப்பு உருவாக்கலாம் என்று முடிவு.

இன்னொன்று கேட்க வேண்டும். ஐயா சொன்ன அடக்க விதியும் நடப்பு விதியும் மோதும் இடம். பழைய நூல்களில் 'ஊனமுற்றோர்', 'அரவாணி' என்று தலைப்பிலேயே இருக்கிறது. இன்றைக்கு மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர். இவை சரி, பழையதை 450இல் போட்டுவிடலாம். 'குற்றப் பரம்பரை' என்பதை என்ன செய்வது? எங்கள் பகுதியில் அது பற்றிய நூல்கள் நிறைய வருகின்றன. அந்தச் சமூகத்து மாணவர்கள்தான் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். அவர்கள் பாட்டன் பூட்டனை அந்தச் சொல்லால் எங்கள் பட்டியல் குறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

---

நூலகவாத்தியார் எழுதியது:

இங்கேதான் கருத்தைப் பிரிப்பது அறத்தோடு சேர்ந்த வேலையாகிறது. 'குற்றப் பரம்பரை' என்று எழுதப்பட்ட இடங்களில் இரண்டு கருத்துகள் கலந்திருக்கின்றன. ஒன்று 1871ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் தொடர்ச்சிகளும். அது ஒரு சட்டத்தின் பெயர், வரலாற்று ஆவணம். 'குற்றப் பழங்குடியினர் சட்டம், 1871' என்று சட்டப் பெயராகவே தலைப்பு கொடுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. மற்றது அந்தச் சட்டம் முத்திரை குத்திய மக்கள். அவர்களுக்குச் சீர்மரபினர் என்ற தலைப்பும், அந்தந்தச் சமூகத்தின் பெயரும். பழைய சொல்லிலிருந்து சட்டத்துக்கு ஒரு 'காண்க', சட்டத் தலைப்பிலிருந்து மக்கள் தலைப்புக்கு ஒரு 'மேலும் காண்க'. தேடி வருகிறவர் வழி தவற மாட்டார், நம் பட்டியலும் எவர் மேலும் அந்த முத்திரையைத் திரும்பக் குத்தாது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 'சட்டவிரோத அந்நியர்' என்ற பொருள் தலைப்பை மாற்ற 2016இல் முற்பட்டு, அரசியல் எதிர்ப்பில் நின்றுபோய், 2021இல்தான் கைவிட்டது. அங்கேயும் ஆட்களுக்கு ஒன்று, நிகழ்வுக்கு ஒன்று என்று இரண்டு தலைப்பாகப் பிரித்தார்கள். ஒரே சொல்லில் அடைத்து வைத்திருந்த இரண்டு கருத்துகளைப் பிரித்த பிறகே வழி கிடைத்தது.

---

அட்டைப்பெட்டி எழுதியது:

மிகவும் உதவியாக இருந்தது ஐயா. இன்று இரண்டு பதிவு போட்டுப் பார்த்தோம். சரியா என்று பாருங்கள்.

தலைப்பு: நிலவியல்
காண்க சொற்கள்: புவிச்சரிதவியல், புவியமைப்பியல், புவியியல் (பாறை, கனிமம்)
தொடர்புத் தலைப்பு: கனிமவியல், புவியியல்
எல்லைக் குறிப்பு: புவியின் பாறை, கனிமம், அடுக்குகள், அவற்றின் வரலாறு பற்றிய நூல்களுக்கு. நாடு, நிலத்தோற்றம், மக்கள் பரவல் பற்றியவற்றுக்குப் 'புவியியல்' பார்க்க.
டூயி: 550

தலைப்பு: பாசன ஏரிகள்
காண்க சொற்கள்: கண்மாய்கள், குளங்கள் (பாசனம்)
மேல்: நீர்ப்பாசனம்
தொடர்புத் தலைப்பு: ஊருணிகள், கோயில் குளங்கள், குடிமராமத்து
எல்லைக் குறிப்பு: மழைநீரையோ ஆற்றுநீரையோ கரை கட்டித் தேக்கி மதகு வழியாக வயலுக்கு விடும் நீர்நிலைகளுக்கு.

---

கிளிநொச்சிக்காரி எழுதியது:

இரண்டாவதில 'பாசனக் குளங்கள்' எண்டும் ஒரு காண்க போடுங்கோ அண்ணை, அடைப்புக்குறிக்குள்ள பாசனம் எண்டு போட்டுத் தேடுற ஆக்கள் இல்லை. முதலாவதில 670 காலியாக் கிடக்கு. புவிச்சரிதவியலுக்கு எங்கட பழைய பாடநூலின்ர தலைப்புப் பக்கம் வருடிய படமாக இருக்கு, அனுப்பிவிடுறன். இரசாயனவியல், பௌதிகவியல் ரெண்டுக்கும் சொல்லும் ஆதார நூலும் சேர்த்துத் தனிக் கோப்பாத் தாறன், உங்கட தலைப்புகளுக்கு நேராப் போட்டுக்கொள்ளுங்கோ.

---

சொல்லேர் எழுதியது:

எல்லைக் குறிப்பில் 'ஆற்றுநீரையோ' என்று சேர்த்தது நல்லது. வீராணம் போன்றவை உள்ளே வந்துவிடும். ஆனால் அணைக்கட்டுகள் எங்கே நிற்கின்றன? வரையறைப்படி அவையும் கரை கட்டித் தேக்கியவைதான். ஆற்றின் குறுக்கே கட்டியது, சரிவான நிலத்தில் கட்டியது என்ற பண்பைச் சேர்த்தால்தான் பிரியும். அதைச் சேர்த்துவிட்டு 550இல் 'அணைகள்' என்று தொடர்புத் தலைப்பும் கொடுங்கள்.

---

நிரல்குடில் எழுதியது:

தொடர்புத் தலைப்பு இரு பக்கமும் போக வேண்டும். 'ஊருணிகள்' பதிவில் 'பாசன ஏரிகள்' இல்லையென்றால் கோஹா தானாகச் சேர்க்காது. ஏற்றுவதற்கு முன் ஒருபக்க உறவுகளைப் பட்டியலிட்டுக் காட்டும் சிறு நிரல் என்னிடம் இருக்கிறது. கோப்பு தயாரானதும் சொல்லுங்கள், ஓட்டித் தருகிறேன்.